தோட்டக் கிளினிக்கா, டவுன் பிரைவேட்டா? குழந்தையின் ஊசியை எங்கே போடுவது

அரச கிளினிக்கில் சும்மா போடும் ஊசியை விட, டவுனில் காசு கொடுத்துப் போடும் ஊசிதான் நல்ல மருந்து என்ற எண்ணம் இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் பலருக்கு உண்டு. கொழும்பில் இருந்தோ மத்திய கிழக்கில் இருந்தோ மாதாமாதம் காசு வரும் வீடுகளில் அந்த எண்ணம் இன்னும் பலம். பிள்ளைக்கு இரண்டு மாதம் நெருங்கும்போது, தோட்டத்துக் கிளினிக்கிலேயே போடுவதா, பிரைவேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதா என்ற பேச்சு எழும். இதில் மருந்தின் தரம் சின்ன விஷயம். ஐந்து வயது வரை எந்த இடத்துக்குத் தவணை தவறாமல் போய்வர முடியும் என்பதுதான் பெரிய விஷயம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அரச அட்டவணையை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் காசு இருந்தால், அந்த அட்டவணையில் இல்லாத ஒன்றிரண்டை மட்டும் வெளியே போடுங்கள். முழுவதையும் பிரைவேட்டுக்கு மாற்றுவது டவுனுக்குப் பக்கத்தில் வீடும் நிலையான வருமானமும் உள்ளவர்களுக்குச் சரிவரலாம். லயத்தில் இருந்து இரண்டு மைல் நடந்து பஸ் பிடிப்பவர்களுக்கு அது பாதியில் நின்றுபோகும் திட்டம்.

சும்மா கிடைப்பதில் என்ன இருக்கிறது

பிறந்தவுடன், ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் காசநோய்க்கான பி.சி.ஜி. 2, 4, 6 மாதங்களில் ஐங்கூட்டு ஊசி (தொண்டைக்கரப்பான், கக்குவான், ஏற்புவலி, ஹெபடைடிஸ் பி, நிமோனியாவும் மூளைச்சவ்வுக் காய்ச்சலும் தரும் ஹிப் கிருமி ஐந்துக்கும் ஒரே ஊசி), அதோடு வாயில் இரண்டு துளி போலியோ சொட்டு. 2 மாதத்திலும் 4 மாதத்திலும் மேற்கையின் தோலுக்குள் 0.1 மில்லிலீற்றர் அளவில் ஒரு சின்னப் போலியோ ஊசி. 9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். 12 மாதத்தில் யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. 18 மாதத்தில் முக்கூட்டு ஊசியும் (தொண்டைக்கரப்பான், கக்குவான், ஏற்புவலி) சொட்டும். 3 வயதில் இரண்டாவது எம்.எம்.ஆர். 5 வயதில் இருகூட்டு ஊசியும் (தொண்டைக்கரப்பான், ஏற்புவலி) கடைசிச் சொட்டும்.

1978 இல் தொடங்கிய திட்டம் இது. ஹெபடைடிஸ் பி 2003 இலும், ஹிப் 2008 இலும், எம்.எம்.ஆர். 2011 இலும் இதில் சேர்ந்தன. நாட்டில் கடைசியாக இளம்பிள்ளைவாதம் கண்டது 1993 இல். சின்னமுத்து ஒழிந்துவிட்டதாக 2019 யூலையில் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. 2023 இல் அது கொழும்புப் பக்கமாகத் திரும்பித் தலைகாட்டியது. ஊசி போடும் வயதை எட்டாத கைக்குழந்தைகளும் அகப்பட்டார்கள். கொழும்பில் கடையில் வேலை செய்யும் அண்ணன் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வீட்டுக்கு வருகிறார்; அவருக்குத் தெரியாமலே நோயும் கூட வரலாம். சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாகக் குடும்பங்கள் இருக்கும் லயத்தில் சின்னமுத்துக்கு வேறு என்ன வேண்டும்? தடுப்பு இல்லாதவர்கள் நடுவில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடிய நோய் அது. 9 மாத ஊசியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம் என்று மிட்வைஃப் வற்புறுத்துவது இதனால்தான்.

குளிர்ந்த மலையில் வளரும் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் ஊசி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வயல் தண்ணீரில் பெருகும் நுளம்பும், பன்றியும், நீர்ப்பறவைகளும் சேர்ந்து சுற்றும் நோய் அது என்பது சரிதான். ஆனால் பிள்ளை மலையிலேயே இருந்துவிடுவதில்லை. அனுராதபுரத்துக்கோ குருநாகலுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும். வளர்ந்து வேலைக்கும் போகும்.

ஊசியைத் தவிர வேறு சில காரியங்களும் அந்தக் கிளினிக்கில் நடக்கின்றன. நிறை பார்த்து, பதிவேட்டின் வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். 6 மாதம் முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விற்றமின் ஏ கொடுப்பார்கள். நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷ என்ற சத்துமா எழுதுவார்கள். தோட்டங்களில் நிறை குறைவாகப் பிறக்கும் பிள்ளைகள் அதிகம் என்பதால் இந்த வரைபடத்தைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. பிரைவேட்டில் ஊசி போட்டவுடன் வேலை முடிந்தது. புள்ளி வைக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. எல்லா ஊசியையும் வெளியே போட்டாலும் நிறை பார்க்கத் தோட்டக் கிளினிக்குக்குப் போகத்தான் வேண்டும்.

காசு கொடுத்தால் என்ன மாறுகிறது

பிரைவேட்டில் ஐங்கூட்டுக்குப் பதிலாகப் போடுவது ஹெக்ஸா எனப்படும் ஆறுகூட்டு ஊசி. அதே ஐந்து நோயோடு போலியோ ஊசியும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் 2 மாதத்தில் குழந்தைக்கு இரண்டு குத்துக்குப் பதில் ஒரு குத்து.

இரண்டாவது வித்தியாசம் கக்குவான் பகுதியில். அரச ஊசியில் கக்குவான் கிருமியின் முழுச்செல்லும் கொல்லப்பட்ட நிலையில் இருக்கும். ஹெக்ஸாவில் அதன் சில புரதங்கள் மட்டும் இருக்கும்; அதனால் அதைச் செல்லற்ற வகை என்பார்கள். முழுச்செல் ஊசிக்குக் காய்ச்சலும் தொடை வீக்கமும் அழுகையும் கூடுதல். ஹெக்ஸாவுக்கு அவை குறைவு. "பிரைவேட் ஊசி போட்டால் காய்ச்சலே வராது" என்ற பேச்சின் வேர் இதுதான். அது பாதி உண்மை: குறையும், வராமலே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மறுபக்கத்தையும் பாருங்கள். முழுச்செல் ஊசி தரும் கக்குவான் பாதுகாப்பு நீண்டகாலம் நிற்கிறது; செல்லற்றது சில வருடங்களில் வேகமாகத் தேய்கிறது. ஓர் இரவுக் காய்ச்சலைத் தவிர்ப்பதா, நீண்ட பாதுகாப்பைப் பெறுவதா என்று வைத்துப் பார்த்தால், நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கு ஹெக்ஸாவுக்காகக் கடன்படத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

ஹெக்ஸா உண்மையாகவே தேவைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முதல் ஐங்கூட்டுக்குப் பிறகு வலிப்பு வந்தது, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓயாமல் கத்தியது, உடம்பு துவண்டு வெளிறிப் பேச்சுமூச்சற்றுக் கிடந்தது போன்ற ஏதாவது நடந்திருந்தால், அடுத்த தவணைக்குத் தோட்டக் கிளினிக்கில் போய் நிற்கக் கூடாது, நீங்களே பிரைவேட்டுக்கும் ஓடக் கூடாது. மிட்வைஃபிடம் சொல்லுங்கள். டிக்கோயா, நுவரெலியா, பதுளை போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைநல நிபுணரிடம் அனுப்புவார்கள். செல்லற்ற வகையா, ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனித்துப் போடுவதா என்பதை அவர் முடிவு செய்வார். மாட்டிறைச்சிக்கோ பசும்பாலுக்கோ கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு எம்.எம்.ஆர். போடும்போதும் முன்கூட்டியே சொல்லி இப்படி ஆஸ்பத்திரியில் போடுவதுதான் சரி. முட்டை ஒவ்வாமை எம்.எம்.ஆருக்குத் தடையில்லை.

விலையை இங்கே எழுதி வைப்பதில் பயனில்லை. கப்பலுக்குக் கப்பல் மாறுகிறது. கணக்குப் போடும் முறையைச் சொல்லலாம். ஒரு தவணையின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஊசி விலையோடு வைத்தியர் கட்டணம், ஆட்டோ, பஸ் காசு, கூடப் போகிறவருக்கும் சேர்த்து அன்று இழக்கும் பேர் (ஒரு நாள் சம்பளம்) எல்லாவற்றையும் கூட்டி, மொத்தத் தவணைகளால் பெருக்குங்கள். தோட்டக் கிளினிக் என்றால் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு இடையில் போய்வரலாம்; மிஞ்சிப் போனால் அரைப் பேர் போகும். டவுன் என்றால் முழுப் பேரும் போனது போல்தான். முதல் இரண்டு தவணை பிரைவேட்டில் போட்டு, மூன்றாவதுக்குக் காசு முட்டி, "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று விட்டுவிடும் பிள்ளையை விட, மூன்றையும் தோட்டத்திலேயே காலத்தில் போட்டுக்கொண்ட பிள்ளைக்குப் பாதுகாப்பு அதிகம். கக்குவான் உயிரை எடுப்பது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைத்தான். தாமதத்தின் விலை இந்த வயதில் மிகக் கூட.

காசு இருந்தால் எதற்குச் செலவிடுவது

அரச அட்டவணையில் இதுவரை இல்லாதவற்றில் இரண்டு மலைநாட்டுப் பிள்ளைக்கு அர்த்தமுள்ளவை. ஒன்று நியூமோகொக்கல் ஊசி. விறகடுப்புப் புகையும், ஈரக் குளிரும், ஒரே அறையில் பலர் படுப்பதும் நிமோனியாவுக்கு வசதியான சூழல். இரண்டு மாதத்தில் தொடங்கினால் வழக்கமாக மூன்று தவணையும் ஒரு வயது தாண்டியதும் ஒரு பூஸ்டரும் வரும். 7 மாதத்துக்குப் பிறகு தொடங்கினால் இரண்டும் ஒரு பூஸ்டரும். ஒரு வயது தாண்டித் தொடங்கினால் இரண்டு மட்டும் போதும். பிந்தத் தொடங்கினால் செலவு குறையும் என்று கணக்குப் போடாதீர்கள். ஆபத்து அதிகம் உள்ள முதல் வருடம் பாதுகாப்பில்லாமல் கழிந்துவிடும்.

மற்றது ரோட்டா. கடும் வயிற்றோட்டத்துக்கான இந்த மருந்து ஊசி இல்லை, வாயில் விடுவது. பீலித் தண்ணீரைக் காய்ச்சாமல் பாவிக்கும் வீடுகளில் இதன் பயன் கூட. ஆனால் இதற்கு வயதுக் கெடு இறுக்கமானது: முதல் தவணையை 6 வாரத்துக்குப் பிறகு, 15 வாரத்துக்குள் தொடங்க வேண்டும், இரண்டு தவணை வகையை 24 வாரத்துக்குள் முடிக்க வேண்டும். "ஆறாம் மாதத்தில் போனஸ் வந்ததும் போடலாம்" என்றால் கதவு மூடியிருக்கும். பிறகு கொடுத்தால் குடல் மடிந்து சொருகும் அரிதான ஆபத்து கூடக்கூடும் என்பதால்தான் இந்தக் கெடு. ரோட்டாவையும் போலியோ சொட்டையும் ஒரே நாளில் கொடுக்கலாம்.

கொப்புளிப்பான் ஊசி மூன்றாம் இடத்தில்தான். ஒரு வயதுக்குப் பிறகு இரண்டு தவணை. இங்கே ஒரு சிக்கல் உண்டு. எம்.எம்.ஆர்., மூளைக்காய்ச்சல், கொப்புளிப்பான் மூன்றும் உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்தவை. இப்படியான இரண்டு ஊசிகளை ஒரே நாளில் போட வேண்டும். இல்லாவிட்டால் நான்கு வாரமாவது இடைவெளி விட வேண்டும். டவுனில் கொப்புளிப்பான் போட்டு இரண்டு வாரத்தில் தோட்டத்தில் மூளைக்காய்ச்சல் ஊசி போட்டால், இரண்டாவது ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். பதிவேட்டைப் பார்க்காமல் இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் கலந்து போடுபவர்களுக்கு ஒரு கண்டிப்பான சட்டம்: பிரைவேட்டுக்குப் போகும்போதும் ஆஸ்பத்திரியில் தந்த அதே சுகாதாரப் பதிவேட்டைக் கொண்டுபோங்கள். ஊசியின் பெயர், திகதி, தொகுதி இலக்கம் மூன்றையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். தனி அட்டை ஒன்று தருவார்கள். அழகாக இருக்கும், ஆறு மாதத்தில் தொலைந்துவிடும். அடுத்த திகதியை எண்ணில் எழுதித் தரச் சொன்னால், சிங்களத்தில் பேசும் உத்தியோகத்தர் என்றாலும் குழப்பம் வராது. ஹெக்ஸா போட்ட பிள்ளைக்குத் தோலுக்குள் போடும் போலியோ ஊசி மறுபடி வேண்டியதில்லை. சொட்டு எப்போது என்பதை எம்.ஓ.எச். (பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்து கெடுவது வெயிலில் மட்டும் இல்லை

நுவரெலியாக் குளிரில் ஊசி மருந்து கெடாது என்று நினைப்பது தவறு. தடுப்பூசிகளை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டும். ஐங்கூட்டு, ஹெக்ஸா, நியூமோகொக்கல் இவையெல்லாம் சூட்டை விட உறைவுக்கே அதிகம் பயப்படும். ஒருமுறை உறைந்து இளகினால் பார்வைக்குப் பழையபடி மருந்து மாதிரித்தான் இருக்கும்; வேலை செய்யாது.

இது பிரைவேட் வழியில் அடிக்கடி நடக்கக்கூடிய பிழை. வைத்தியர் துண்டு எழுதித் தருவார். கண்டியில் ஒரு பார்மசியில் வாங்கி, ஐஸ் கட்டியோடு பையில் போட்டு, இரண்டு மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் வந்து, மறுநாள் போடுவோம் என்று வீட்டுப் பிரிட்ஜின் மேல்தட்டில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பார்கள். மருந்து ஐஸைத் தொட்ட இடத்திலேயே விஷயம் முடிந்துவிட்டது. அரச கிளினிக்குக்கு மருந்து கொண்டுவரும்போது ஐஸ் பொதியை முதலில் வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும் வரை இளகவிட்ட பிறகே பெட்டியில் அடுக்குவார்கள். அந்த ஒழுங்கு கையில் பை கொண்டுபோகிறவருக்கு இல்லை. ஆகவே பிரைவேட்டில் போடுவதென்றால் மருந்தை இருப்பில் வைத்து அங்கேயே போடும் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். பிரிட்ஜுக்குள் வெப்பமானி இருக்கிறதா, மழைக்காலத்தில் கரண்ட் போனால் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், காசு உங்களுடையது. எம்.ஓ.எச். ஒபிஸ்களில் உள்ள ஐஸ் சுவர் வைத்த விசேட பிரிட்ஜ் கரண்ட் போனாலும் மணித்தியாலக் கணக்கில் குளிரைப் பிடித்து வைக்கும்.

எம்.எம்.ஆர். பொடியாக வருவது. கரைத்த குப்பியை ஆறு மணித்தியாலத்துக்குள் பாவித்து மிச்சத்தை வீசிவிட வேண்டும். எனவே பல பிள்ளைகளை ஒரே நாளில் வரச்சொல்வார்கள். மத்தியானத்துக்குப் பிறகு போய் மிட்வைஃபோடு சண்டை பிடிப்பதில் நியாயமில்லை, காலையில் போங்கள்.

ஊசிக்குப் பிறகு

எங்கே போட்டாலும் அரை மணித்தியாலம் அங்கேயே இருங்கள். கடும் ஒவ்வாமை வருவதென்றால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வரும். அதற்கான அட்ரினலின் கிளினிக்கில் தயாராக இருக்கும். ஆட்டோ காத்திருக்கிறது என்று கிளம்பிவிட்டால் அது வழியில் கிடைக்காது.

ஐங்கூட்டுக்குப் பிறகு வரும் காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் அடங்கும். பரசிட்டமோலைக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேற்படாமல் கொடுக்கலாம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் என்று லேபலில் உள்ள பாணி மருந்தானால் 5 கிலோ குழந்தைக்கு 2.5 மில்லிலீற்றர். கவனிக்க வேண்டியது: சின்னப் போத்தலில் வரும் துளிமருந்து இதை விடப் பல மடங்கு கடுமையானது, அதையும் அதே அளவில் கொடுத்தால் ஆபத்து. தேக்கரண்டியால் அளக்காமல் ஊசியில்லாத சிரிஞ்சால் அளங்கள். அஸ்பிரின் கூடவே கூடாது. வீங்கிய தொடையில் எண்ணெய் தேய்ப்பது, சுடுதண்ணீர் ஒற்றடம், மஞ்சள் பற்று எதுவும் வேண்டாம். எம்.எம்.ஆருக்குப் பிந்திய காய்ச்சலும் மெல்லிய தடிப்பும் ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரும். அது மழைக் காய்ச்சல் என்று எண்ணி ஊசியோடு சேர்த்துப் பார்க்காமல் விடுகிறவர்கள் உண்டு. டொக்டரிடம் போனால் ஊசித் திகதியைச் சொல்லுங்கள்.

பி.சி.ஜி. போட்ட இடது கையில் சில வாரங்களில் சின்னக் கட்டி எழும்பி, உடைந்து, சீழ் வந்து, பிறகு தழும்பாகும். அது மருந்து பிடித்ததற்கு அடையாளம். அமுக்காதீர்கள், மருந்து பூசாதீர்கள். ஆறு மாதமாகியும் தழும்பு இல்லையென்றால் கிளினிக்கில் காட்டுங்கள், மறுபடி போடுவார்கள்.

தள்ளிப்போடுவது என்ற இன்னொரு வழி

யாரும் இதைத் தெரிவு என்று சொல்வதில்லை. ஆனால் அதிகம் நடப்பது இதுதான். மூக்கு ஒழுகுகிறது, இலேசாக வயிறு போகிறது, பிள்ளை மெலிவு, குறைமாதத்தில் பிறந்தது, அம்மாயி வேண்டாம் என்கிறார். இவை எதுவும் காரணமில்லை. சாதாரணத் தடிமலோடு ஊசி போடலாம். குறைமாதப் பிள்ளைக்கும் பிறந்த திகதியில் இருந்துதான் மாதக் கணக்கு. நிறை ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டாம், மெலிந்த பிள்ளைக்குத்தான் நோய் கடுமையாகும். கடும் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இருந்தால் மட்டும் சுகமாகும் வரை பொறுக்கலாம்.

மண்சரிவில் பாதை அடைபட்டுக் கிளினிக் நாள் தவறிவிட்டால் முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்தில் இருந்து தொடர்வார்கள். எந்தப் பிரதேசத்து எம்.ஓ.எச். கிளினிக்கிலும் பதிவேட்டைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம், காசும் கேட்கமாட்டார்கள். கொழும்புக்குக் குடும்பத்தோடு வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தாய் வெளிநாடு போவதானால் பதிவேட்டைப் பெட்டியில் பூட்டாமல் பிள்ளையைப் பார்க்கும் பாட்டியின் கையில் கொடுத்து, எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போகட்டும்.

விடுபட மிக எளிதானது 3 வயது எம்.எம்.ஆர். 18 மாத ஊசியோடு வீட்டில் எல்லாம் முடிந்த மாதிரி ஓர் எண்ணம் வந்துவிடும். பிள்ளை அப்போது பிள்ளைக்காம்பராவிலோ முன்பள்ளியிலோ ஓடித் திரியும். மூன்றாம் பிறந்தநாளுக்கு அடுத்த கிளினிக் நாளை மிட்வைஃபிடம் இப்போதே கேட்டுக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.